பத்து மணித் தூக்கம்

ரிங்லெட்,
10.5.1979

அன்பு மகள் ரமணிக்கு அம்மா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, லண்டன் ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாக வேலையில் நிற்கும் நீ எப்படி இருக்கிறாயோ என்றுதான் கவலை. இங்கே ஒரு வாரமாக விடாத மழை, தேயிலைக் கொழுந்து எடுப்பவர்கள் பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். ஆயாக்கொட்டகையில் இந்நேரம் நானும் மூன்று கைக்குழந்தைகளும்தான். மூன்றும் தூங்குகின்றன, அதனால்தான் பட்டப்பகலில் உனக்கு எழுத முடிகிறது.

மற்ற பிள்ளைகள் எங்கே என்று கேட்பாய். போன வருஷக் கடைசியில் நம் தமிழ்ப்பள்ளியின் ஒன்றாம் வகுப்பு வாத்தியார் ராதாகிருஷ்ணன் வந்து, ஆயா, உங்க கொட்டகையிலேருந்து வர்ற பிள்ளைங்க பென்சில் பிடிக்கவே ஆறு மாசம் ஆகுது, டவுன் பாலர் பள்ளிக்குப் போனதுங்க வந்த அன்னைக்கே பேரு எழுதுதுங்க என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாக, தாய்மார் வேலைக்குப் போனதும் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்தேனே தவிர ஓர் எழுத்து காட்டியதில்லை. ரிங்லெட்டில் அரசாங்கப் பாலர் பள்ளி இருக்கிறது, ஆனால் யார் கொண்டுபோய் விடுவது, தாய்மார் எல்லாம் விடியுமுன் பெரட்டில் வரிசையாக நின்று அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க வேண்டும். தோட்டத் துரையிடம் போய்க் கேட்டேன். பத்துப் பிள்ளை சேர்ந்தால் லோரி விடுகிறேன் என்றார். லயம் லயமாக ஏறி இறங்கி ஒன்பது பேரைச் சேர்த்துவிட்டேன். பத்தாவது பரமேஸ்வரி மகள் ரஞ்சிதம், ஆறு வயது, என் முந்தானையைப் பிடித்தால்தான் தூங்குவாள். பரமேஸ்வரியோ, அது உங்ககிட்டயே இருக்கட்டும்லா ஆயா என்றாள். உன்னிடம் மறைப்பானேன், எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இரண்டு நாள் அவள் லயத்துப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் நானே போய் அவளைச் சம்மதிக்க வைத்தேன்.

முதல் நாளே கூத்து. பத்து மணிக்கு மலாய் ஆசிரியை மைலோ கொடுத்திருக்கிறார். குடித்து முடித்ததும் நம் பிள்ளைகள் பத்தும் வரிசையாகத் தரையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்களாம். எல்லாம் நான் பழக்கிய பழக்கம், பத்து மணிக்குப் பால், குடித்ததும் தூக்கம். டவுன் பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்க, ஆசிரியை பயந்துபோய் மைலோவை மோந்து பார்த்தாராம். லோரி ஓட்டும் இருளப்பன் வந்து சொல்ல லயமே சிரித்தது, நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். பகலில் படுக்க விட வேண்டாம் என்று ஆசிரியை சொல்லியனுப்பினார். மத்தியானம் லோரி கொட்டகையில்தான் இறக்கிவிடும், சோறு போட்டு விளையாட விரட்டினேன். இப்போது ரஞ்சிதம் மலாயில் நூறு வரை எண்ணுகிறாள், பேரும் எழுதுகிறாள். நேற்று அவளுக்குக் கண் சொருகியது, மனசு கேட்காமல் மடியில் சாய்த்தேன். விடுங்க ஆயா, நான் பெரிய பிள்ளை என்று கையைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். நல்லதுதான், நான்தானே அனுப்பினேன். ஆனாலும் கொட்டகை வெறிச்சென்று கிடக்கிறது ரமணி, வீடும் அப்படித்தான்.

ராத்திரி வேலைக்குப் போகுமுன் வயிறாரச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. முருகன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பான், நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். தீபாவளிக்கு இவ்வளவு தூரம் வரவேண்டாம், எனக்குத் தனியாக இருந்து பழகிவிட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அது பொய். லீவு கேட்டு வாங்கிக்கொண்டு வந்துவிடு.

உன் அம்மா,
மணியம்மா