ஒரு கை குட்டையான நட்சத்திரமீன்

மச்சானே,

நேற்று ராமேஸ்வரத்துச் சங்குக் கடையில் காய்ந்த நட்சத்திரமீன் ஒன்றைக் கையில் எடுத்தேன். நான்கு கைகள் ஒரே நீளம், ஐந்தாவது பாதிதான் முளைத்திருந்தது. "அது ஊனம், வேற தாரேன்" என்றார் கடைக்காரர். அதுதான் வேண்டும் என்று வாங்கி வந்தேன்.

வெள்ளைக்காரன் போன மறுவருஷம். நான் சங்கு குளிப்பேன், நீ தோணியில் என் இடுப்புக் கயிற்றைப் பிடிப்பாய். பெண்டாட்டியின் அண்ணன்தான் பிடிக்க வேண்டும், தங்கையை விதவையாக்க மாட்டான் என்பது நம் வழக்கம். சிப்பியைத் தின்கிற நட்சத்திரமீன் அகப்பட்டால் வெட்டிக் கடலில் எறிவதும் உன் அய்யா காலத்து வழக்கம்தான். நீ பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டுவாய்.

மண்டபம் கரைக்கு வந்த கல்லூரி வாத்தியார் ஒருவர் எனக்கு ஒரு நட்சத்திரமீனைப் புரட்டிக் காட்டினார். நம் உடம்பில் இடது வலது இரண்டுதான் பொருந்தும். இதற்குத் தலையுமில்லை, முன்பக்கமுமில்லை. நடுவிலிருந்து ஐந்து பக்கமும் ஒன்றுபோல. நடுவோடு சேர்ந்த துண்டு தண்ணீரில் விழுந்தால் முழுசாக வளர்ந்துவிடுமாம். மறுநாள் தோணியில் உன்னிடம் சொன்னேன்.

"அப்ப எங்கய்யா இம்புட்டு நாளும் வெதச்சுக்கிட்டா இருந்தாரு?" என்று இன்னொரு நட்சத்திரமீனைப் பலகையில் அழுத்திக் கத்தியை ஓங்கினாய். நான் பிடுங்கினேன், நீ விடவில்லை. ஆத்திரத்தில் முழு பலத்தோடு தள்ளினேன். கத்தி உன் இடக்கையில் இறங்கியது. வெட்டுப்பட்ட துண்டுகளுக்கு நடுவே உன் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கிடந்தன. நீ என் முகத்தில் மிதித்தாய், மூக்கு உடைந்தது. கரையில் உன் தங்கை என்னைச் செருப்பால் அடித்தாள்.

இரண்டு மாதம் கழித்து நீயே வந்தாய். "கயித்தக் கொடு மாப்ள. வேற எவன் பிடிப்பான்?"

அன்று அடியிலிருந்து, மேலே இழுக்கச் சொல்லி இரண்டு முறை கயிற்றைச் சுண்டினேன். மேலிருந்து இழுப்பு வரவில்லை. மறுபடி சுண்டினேன். நெஞ்சு வெடித்தது. பழி தீர்க்கிறான், கொலைகாரப் பாவி என்று தண்ணீருக்குள்ளேயே உன்னைச் சபித்தேன்.

பிறகு கயிறு விறைத்தது. மேலே வந்து பார்த்தால் ஆறிய புண் பிளந்து உன் முழங்கை வரை ரத்தம். வாயிலும் ரத்தம்.

"மூணு விரலுக்குக் கயிறு நிக்கல மாப்ள. பல்லாலயும் இழுத்தேன்."

அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் நீதான் கயிறு பிடித்தாய். நட்சத்திரமீனை நீ வெட்டவில்லை, கரைக்குக் கொண்டுவந்து முழுசாகக் காயப்போட்டாய். நான் அடியில் கிடந்து உன்னைச் சபித்ததை மட்டும் உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. உன்னைப் புதைத்த அன்றும் சொல்லாமல்தான் மண் போட்டேன்.