யாரும் திரும்பிப் போனதில்லை

செவ்வாய்க்கிழமை, அரியலூர்.

கிளவுட் புரியாததால்தான் நான் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று ஆபீசில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. புரிந்ததால்தான் போடவில்லை. என் கணவர் போனபின் நான் நடத்தும் சுண்ணாம்புக்கல் லாரிகளின் கணக்கு முழுவதும் வெளியார் கம்ப்யூட்டரான சர்வருக்குப் போய்விடும்; அதுதான் கிளவுட். அந்தச் சேவையை விற்க இன்று பெரம்பலூரிலிருந்து ஒருவர் வந்தார். மகனுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

“எங்ககிட்ட வந்த கம்பெனி எதுவும் திரும்பிப் போனதே இல்லீங்கம்மா” என்றார்.

“போக மனசில்லையா, போக வழியில்லையா?” என்றேன்.

சிரித்தார். ஒப்பந்தத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“பொண்ணா குடுக்கப்போறோம்? இத்தன கேள்வி கேக்குறீங்களேம்மா” என்றான் மகன்.

“பொண்ணு கோவிச்சுக்கிட்டாவது திரும்பி வந்துடுவாடா. கணக்கு வருமா?”

நாளை அவருக்கு இதை அனுப்ப வேண்டும்: நாங்கள் விலகினால், எங்கள் கணக்கு முழுவதும் வேறு நிறுவனத்தில் திறக்கும்படி திரும்பக் கிடைக்குமா? எழுத்தில் பதில் தரவும்.