குழாய்த் தண்ணீரில் செம்பு

செவ்வாய்க்கிழமை இரவு, நோர்வூட்.

வீட்டில் நான் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் மென்பவளங்கள் விரியாமல் சுருங்கி, ஓரங்களில் கரைந்துகொண்டிருந்தன. உப்பும் சூடும் வெளிச்சமும் சரியாகவே இருந்தன. வளர்ப்பு மீன் கடைக்காரர் போனில், “தண்ணியில செம்பு இருக்கான்னு பாருங்கண்ணே, கொஞ்சம் கலந்தாலும் பவளம் செத்துரும்” என்றார்.

சோதனைத் துளி விட்டேன். தொட்டி நீர் மட்டுமல்ல, நான் அதில் ஊற்றும் குழாய்த் தண்ணீரும் நிறம் மாறியது. அது மலை ஊற்றிலிருந்து வருகிறது. ஊற்றுக்கு மேலேதான் போன வாரம் தேயிலைக்குச் செம்பு கலந்த பூஞ்சை மருந்தடித்தார்கள்.

மாசமாக இருக்கும் என் மனைவி சாந்தி பக்கத்தில் நின்றாள். “இதத்தானே நாமளும் குடிக்கிறோம்? கொதிக்க வச்சா போயிருமாங்க?”

“போகாது.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தோட்டத்து மேலாளர் ஐயாவுக்குப் போன் போட்டேன்; எடுக்கவில்லை. விடிந்ததும் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்கள் குடங்களோடு அதே ஊற்றுத் தண்ணீர் வரும் பொதுக் குழாய்க்கு வருவார்கள். குடிக்காதீங்க என்று சொல்லிவிடுவேன். வேறு தண்ணி எங்கே என்று கேட்பார்கள்.