சைப்பிரஸ் வேலிக்கு அந்தப் பக்கம்

நுவரெலியா,
9 ஜனவரி 1955

சேசு மரி சூசை துணை

அன்புள்ள சுகிர்தம்,

இங்கே நான் நலம்; குளிர்தான் நலமாக இருக்க விடவில்லை. நீயும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுகந்தானே? கிறிஸ்மஸுக்கு வந்தவள், பண்டிகைக்கு மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குத் திரும்பிவிட்டாய். பிறகு ஒரு வரி இல்லை. என்ன குற்றம் என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாய் என்று பயம்.

ஒரு நல்ல செய்தி. ஏப்ரல் சீசனுக்குக் கொழும்பிலிருந்து ஒரு மந்திரியும் அவர் மனைவியும் வருகிறார்கள். ரயிலில் நானுஓயா வந்து, அங்கிருந்து கார். ஸ்டேஷனிலிருந்து டவுன் வரைக்கும் ரோட்டை அழகுபடுத்தச் சொல்லி ரோட்டு வேலை பார்க்கும் எங்கள் கந்தோருக்கு உத்தரவு. படம் வரைகிற வேலை எனக்கு. வளைவுக்கு வளைவு டேலியாப் பாத்தி, பாலத்தடியில் ஹைட்ரேஞ்சியா, நடுவழியில் ஒரு சிமெண்டுச் சிலை. பார்க்க நன்றாயில்லாத இடங்களை மறைக்க சைப்பிரஸ் வேலி. எஞ்சினியர் படத்தைப் பார்த்துவிட்டு, "இக்னேசியஸ், இது ரோடா, கல்யாண வீடா?" என்று சிரித்தார்.

நல்ல பெயர் எடுத்தால் குவாட்டர்ஸ் கிடைக்கும். பலகைத் தரை போட்ட வீடு. அப்போதாவது நீ இங்கே வந்துவிடலாம்.

இப்படிக்கு,
சி. இக்னேசியஸ்,
படவரைஞர்


தோட்டம்,
16 ஜனவரி 1955

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. சிறில் என்று போடாமல் முழுப் பெயரையும், அதற்குக் கீழே உத்தியோகத்தையும் போட்டிருந்தீர்கள். வேறு எந்த இக்னேசியஸோ என்று நான் குழம்பிவிடக் கூடாதே என்ற அக்கறை போலிருக்கிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் குற்றத்தைச் சொல்கிறேன். பண்டிகைப் பூசை முடிந்து வரும்போது உங்கள் ஹெட் கிளார்க்கின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹட்டன் கான்வென்டுல படிச்சுக் குடுக்கிறீங்களாமே, எங்க மகளுக்கு ஒரு எடம் வாங்கித் தாங்க" என்றார். நான் முழித்தேன். தேயிலைக்குள் கொழுந்து பறிக்கிறவர்களோடு, லயத்து வரிசையில் தொங்கல் காம்பராவில், கடைசி அறையில் குடியிருக்கிறேன், ஒரே அறையில் ஐந்து வகுப்பை வைத்துக் கத்துகிறேன் என்று நீங்கள் அங்கே யாரிடமும் சொல்லவில்லை போலும். நீங்கள் பிறந்ததும் இதே லயத்தில்தான் என்பதையும்.

போகட்டும். அந்தப் "பார்க்க நன்றாயில்லாத இடம்" எது? நேற்று உங்கள் ஆட்கள் வந்து நம் லயத்துக்கு முன்னால் ரோட்டோரம் முளையடித்துக் கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். பக்கத்துக் காம்பரா பேச்சியம்மா அக்கா, "என்னா டீச்சர், ஆடு ரோட்டுக்கு ஓடாம இருக்க வேலி போட்டுத் தர்றாங்களா? நல்ல மனசுக்காரங்கதான்" என்றார். அது என் வீட்டுக்காரரின் ஏற்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
சுகிர்தம்


நுவரெலியா,
6 மார்ச் 1955

அன்புள்ள சுகிர்தம்,

உன் கடிதத்தை இரண்டு மாதமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். பதில் எழுத உட்கார்ந்தால் எஞ்சினியர் கூப்பிட்டுவிடுகிறார். அதையும் நீ நம்பமாட்டாய்.

சிலைக்காக ஐந்து கூட்டம் நடந்தது. கிளப் துரைமார் மான் வேண்டும் என்றார்கள். நகரசபைக்காரர் சிங்கம் வேண்டும் என்றார். சிமெண்டு கொடுக்கிற கடைக்காரர், தேயிலை ஊர் என்பதால் ஒரு பெரிய தேத்தண்ணீர்க் கேத்தல் வைக்கலாம், மூக்கு வழியாகத் தண்ணீரும் வரச் செய்யலாம் என்றார். அது கிட்டத்தட்ட முடிவாகியும் விட்டது. கடைசியில் எஞ்சினியர், கொழுந்து பறிக்கும் பெண் என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார். சிலை செய்வது சின்னராசா என்ற கெட்டிக்காரர்.

வேலியைப் பற்றி எழுதியிருந்தாய். நான் வெறும் படவரைஞன். மேலே சொல்கிறார்கள், கீழே கோடு போடுகிறேன். லயத்தை மறைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. "பச்சைத் திரை" என்றுதான் சொன்னார்கள்.

இப்படிக்கு,
சி. இக்னேசியஸ்


தோட்டம்,
27 மார்ச் 1955

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் சிலை வந்து இறங்கிவிட்டது. சின்னராசா இதுவரை கோவில்களுக்கு மாதா சுரூபம் மட்டுமே செய்தவர் என்பதை அவர் உங்களிடம் சொன்னாரா? முகம் மாதா முகம். கண் வானத்தைப் பார்க்கிறது. கை இரண்டும் கும்பிட்டபடி இருக்கின்றன; முதுகில் மட்டும் கூடை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற வழியில் நம் சனங்கள் சிலுவை போட்டுக்கொண்டு போகிறார்கள். மற்றவர்கள் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். முந்தாநாள் நானுஓயா பஸ்ஸையே நிறுத்தி ஒருவர் தேங்காய் உடைத்தார். தோட்டத்தில் வேலை வாங்குகிற கண்டாக்கையா வந்து, "இவ யாரு, பேர்ப் பதிஞ்ச ஆளா?" என்று கேட்டதாகப் பேச்சு.

சிரித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் சிமெண்டுப் பெண்ணை ரோட்டில் நிறுத்திவிட்டு, உயிரோடு கூடை சுமக்கிறவர்களை வேலிக்குப் பின்னால் தள்ளுகிற படத்தை நீங்கள் வரைந்தீர்களே, அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சியம்மா அக்காவுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. "நாங்க அவ்வளவு அசிங்கமாவா இருக்கோம், டீச்சர்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

அந்த வேலி எழும்பினால், நீங்கள் அந்தப் பக்கமே இருந்துகொள்ளுங்கள்.

சுகிர்தம்


நுவரெலியா,
18 ஏப்ரல் 1955

அன்புள்ள சுகிர்தம்,

உயிர்த்த ஞாயிறுக்கும் நீ வரவில்லை. பலகாரத்தைத் தனியாகத் தின்றேன். வயிறும் சரியில்லை.

நாற்றுமேடையில் சைப்பிரஸ் முழங்கால் உயரந்தான் இருந்தது. அது எதை மறைக்கும்? ஆகவே காட்டில் ஆளுயர மரங்களை வெட்டி வந்து குழியில் நட்டிருக்கிறோம். வேர் கிடையாது. இப்போது அவை மஞ்சளாகப் பழுக்க ஆரம்பித்துவிட்டன. பச்சைச் சாயம் அடிக்கச் சொல்லி உத்தரவு. இன்று முழுக்க மரத்துக்குச் சாயம் அடித்தேன். அம்மா என்னைப் படிக்க வைத்தது இதற்குத்தானா என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மந்திரி வருகிறார். காற்றடித்தால் மரம் சாயாதபடி பின்னால் நின்று பிடித்துக்கொள்ளவும் ஆள் போட்டிருக்கிறார்கள். அந்த ஆட்களில் நானும் ஒருவன். என்னைப் பார்த்தால் தெரியாதது போல இருந்துவிடு.

சிறில்


தோட்டம்,
24 ஏப்ரல் 1955

அன்புள்ள அத்தானுக்கு,

நேற்று உங்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தனியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை. நீங்கள் உள்ளே வருமுன் வீட்டுக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியாதே, அதனால் எழுதுகிறேன்.

வளைவு வளைவாக வந்ததில் மந்திரியின் மனைவிக்குத் தலைசுற்றி, வாந்தி. காரை நிறுத்தச் சொல்லி, இரண்டு மரத்துக்கு நடுவில் நுழைந்து, முதலில் தெரிந்த வீட்டுக்கு வந்துவிட்டார். அது நம் வீடு. முகம் கழுவத் தண்ணீர் கொடுத்து, கட்டிலில் உட்கார வைத்து, இஞ்சி போட்டுத் தேத்தண்ணீர் ஊற்றினேன். அவர் சேலையெல்லாம் பச்சைச் சாயம். மந்திரியும் எஞ்சினியரும் வாசலில் நின்றார்கள். அந்த அம்மாவுக்குத் தமிழ் கொஞ்சம் தெரிகிறது. "உன் புருஷன் எங்கே?" என்று கேட்டார்.

நீங்கள் வாசலுக்கு நேரே, டை கட்டிக்கொண்டு, ஒரு சைப்பிரஸைக் கட்டிப்பிடித்தபடி நின்றீர்கள். தெரியாதது போல இருக்கச் சொன்னவர் நீங்கள். "ஹட்டனில் இருக்கிறார்" என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அத்தனை கோபம்.

அப்போதுதான் நீங்கள் மரத்தை விட்டீர்கள். அது எஞ்சினியரின் தொப்பிமேல் விழுந்தது; அவர் கிளைகளுக்கடியில் தத்தளித்தார். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே உள்ளே வந்து, "சுகிர்தம், சீனி தீந்துபோச்சா? பேச்சியம்மா அக்காகிட்ட வாங்கியாரவா?" என்று கேட்டீர்கள். அந்த அம்மா உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கேள்வியை விட்டுவிட்டார்.

சீனி தீரவில்லை, அத்தான். ஆனாலும் நீங்கள் போய் வாங்கி வந்தீர்கள்.

வேலை போய்விட்டதா? உடனே எழுதுங்கள்.

உங்கள் சுகிர்தம்


நுவரெலியா,
1 மே 1955

என் அன்புள்ள சுகிர்தம்,

வேலை போகவில்லை. பெயர்தான் போயிற்று. அதுவும் முழுக்க என் பெயர் இல்லை. பின்னேர மழையில் சாயம் வழிந்து, ரோடு டவுன் வரைக்கும் பச்சையாகிவிட்டதில் எல்லாருக்கும் பங்கு உண்டு. மரங்களை நேற்று விறகுக்குக் கொடுத்துவிட்டார்கள். சிலையை எடுக்கப் போன லாரியைச் சனங்கள் திருப்பி அனுப்பிவிட்டார்களாமே, கந்தோரில் இதுவரை யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

திங்களன்று எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டார். தலையில் சின்னக் கட்டு. இனி எனக்குப் படம் வரைகிற வேலை இல்லையாம். நானுஓயாப் பக்கம் ரோட்டோரம் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுகிறவர்களை மேற்பார்க்க வேண்டுமாம். குவாட்டர்ஸ் பேச்சையும் மறந்துவிடச் சொன்னார். தண்டனை என்று நினைத்துத்தான் சொல்கிறார். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

அவருக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது. "அந்தப் பக்கம் தங்க எடம் இருக்கா, இக்னேசியஸ்?" என்று கேட்டார்.

"வீடே இருக்கு, சார்."

"எங்கே?"

"நீங்க வாசல்ல நின்ன வீடு, சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். தலைக்கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "உங்க மனைவிக்கு என் நன்றியைச் சொல்லுங்க" என்றார்.

இதோ, சொல்லிவிட்டேன். சனிக்கிழமை பின்னேரப் பஸ்ஸில் வருகிறேன். இரண்டு பெட்டி, ஒரு பாய், ஒரு குடை. எல்லாரும் பார்க்கும்படி ரோட்டு வழியாகவே வருவேன்.

உன் சிறில்