படம் இல்லாத விண்ணப்பங்கள்

இன்று மதியம் ஸ்டேப்ளர் கம்பி தேடி இழுப்பறையைத் திறந்தேன். அடியில் உங்கள் சிறு இடுக்கி கிடந்தது. தாளில் குத்திய கம்பிகளைப் பிடுங்குவதற்கு வைத்திருந்தீர்களே, அது. ஓரத்தில் துரு ஏறியிருந்தது. நீங்கள் இருந்திருந்தால் ஒருபோதும் செய்ய விட்டிருக்காத ஒரு காரியத்தைச் செய்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தேன்.

இதைத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்கு இந்த எழுத்து தெரியாது. அலுவலகத்திலும் எவருக்கும் தெரியாது, அந்தத் துணிவுதான். நாம் பேசியதெல்லாம் சுவிஸ் ஜெர்மனில். ஆனாலும் நினைவில் நீங்கள் என் அம்மாவின் தமிழில்தான் கதைக்கிறீர்கள்.

உங்கள் கணவர் விட்டுச்சென்ற சொத்தில் இந்த அறக்கட்டளையை நடத்தினீர்கள். ஒரு பங்கு வசதியில்லாத பிள்ளைகளுக்கு, அவர்கள் எவராக இருந்தாலும். மறு பங்கு யூத முதியோர் இல்லத்துக்கும், முன்பள்ளிக்கும், பழைய கல்லறைத் தோட்டத்தின் சுவருக்கும். நான் செயலாளராகச் சேர்ந்த முதல் நாளே இடுக்கியை என் கையில் தந்தீர்கள். விண்ணப்பங்களோடு வரும் பிள்ளைகளின் படங்களைக் கழற்றி உறையில் போட்டு, முடிவோடு திருப்பி அனுப்புவது என் வேலை. நீங்கள் ஒன்றையும் பார்க்க மாட்டீர்கள். "வடிவான பிள்ளையோ எண்டு எனக்குச் சொல்லவும் வேண்டாம்" என்றீர்கள்.

ஒருமுறை துன் நகரிலிருந்து ஒரு விண்ணப்பம் வந்தது, எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் நடக்கும் விடுமுறை முகாமுக்கு. படத்தில் பொட்டு வைத்த ஒரு தமிழ்ப் பிள்ளை. தகப்பன் ஹோட்டலில் கோப்பை கழுவுகிறார், என் அப்பா டாவோஸில் கழுவியதுபோல. படத்தைக் கழற்றினேன். ஆனால் விண்ணப்பத்தைக் கட்டின் மேலே வைத்தேன். நீங்கள் வந்து என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு முழுக் கட்டையும் எடுத்துச் சீட்டுக் கலைப்பதுபோல் கலைத்தீர்கள். "சீட்டில நான் எப்பவும் தோக்கிற ஆள்தான். ஆனா கலைக்கத் தெரியும்." அந்தப் பிள்ளைக்கு அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. உங்களோடு ஒரு மாதம் மனம்விட்டுக் கதைக்கவில்லை நான்.

நீங்கள் கண்மூடி இரண்டு பனிக்காலம் ஆகிறது. இப்போது உங்கள் கணவரின் தம்பி மகன் டானியல்தான் பொறுப்பு. கெட்டவரில்லை. இன்னும் பல குடும்பங்கள் சேர்ந்து கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. முகத்தைப் பார்த்தால்தான் மனம் இளகும் என்கிறார். புதிய இணையத்தளத்துக்குப் படம் எடுத்துவரச் சொல்லி, இன்று காலை அலுவலகத் தொலைபேசியோடு என்னை முன்பள்ளிக்கு அனுப்பினார்.

யூதப் பிள்ளைகளின் பள்ளி என்பதால், தாக்குதலுக்குப் பயந்து அங்கே இப்போது இரண்டு கதவுகள். முதலாவது மூடினால்தான் இரண்டாவது திறக்கும். நடுவில் ஒரு காவலர் என் பையைக் கிளறிப் பார்த்தார். உடையாத ஜன்னல் கண்ணாடிக்காகத்தான் இந்த முறை விண்ணப்பித்திருக்கிறார்கள். அதில் ஒரு படமும் இல்லை. அந்தப் பயம் எனக்குப் புதிதல்ல. யார் கையில் போய்ச் சேருமோ என்று, இலங்கையில் போர் நடக்க நாங்கள் டாவோஸில் இருந்த காலத்தில் அம்மா எங்கள் படம் ஒன்றைக்கூட ஊருக்கு அனுப்ப விட்டதில்லை.

பொறுப்பாசிரியை ரூத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "படம் எடுக்காட்டி கண்ணாடி இல்லையோ?"

தெரியாது என்றேன். படம் எங்கே போகும் என்று கேட்டார். அலுவலகத்துக்கு என்றேன். இணையத்துக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. நாற்பத்தாறு வயதில் வேலை போனால் எங்கே போவேன் என்ற பயம் வாயை அடைத்துவிட்டது. அவர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார். ஓர் ஆசிரியை சுருள்முடிச் சிறுமி ஒருத்தியின் தலையைச் சீவி, நகர்த்தி, நடுவில் விட்டார். அழுத்தினேன்.

அலுவலகத் தொலைபேசியில் எடுக்கும் படம் அந்தக் கணமே டானியலுக்குப் போய்விடும். வெளியே வரும்போது, இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நிற்கையில், அவருடைய செய்தி வந்தது: நல்ல படம், நடுவில் நிற்கும் சுருள்முடிப் பிள்ளையை முதற்பக்கத்தில் போடுவோம்.

சுருள்முடி என்றதும் உங்கள் கதை நினைவுக்கு வந்தது. எங்கடின் போகும் மலை ரயிலில் நீங்கள் ஒரே ஒருமுறை சொன்னது அது. போர்க்காலம். எல்லை கடந்து வந்த யூதப் பிள்ளைகளை ஒரு பள்ளி மண்டபத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வளர்க்க விரும்பியவர்கள் வந்து பார்த்துத் தெரிந்தெடுத்தார்கள். உங்களுக்கு ஆறு வயது. "என்னை எடுத்தது என்ர சுருள்முடிக்காக. பக்கத்தில நிண்டவளுக்குப் பேன் எண்டு மொட்டையடிச்சிருந்தவை. அவளை ஒருத்தரும் கேக்கேல்லை." கூடவே, "இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. பிறகு என்னைப் பாவம் எண்டு பாப்பினம்" என்றீர்கள். நான் ஓம் என்றேன்.

இரண்டரை மணிக்கு டானியலின் அறைக்குப் போனேன். படத்தை அழிக்கச் சொன்னேன். ஆபத்து என்றேன். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கலாம், பயந்துகொண்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அவரிடம் அமைதியான பதில் இருந்தது. கடைசியில், ஒரு படத்துக்கு ஏன் இவ்வளவு பதறுகிறீர்கள் என்று கேட்டார்.

சொல்லிவிட்டேன். மண்டபம், வரிசை, சுருள்முடி, மொட்டையடித்த பிள்ளை, எல்லாம்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மற்றப் பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. உங்களிடம் கேட்க அன்று எனக்குத் தைரியம் வரவில்லை. என் கண்முன்னாலேயே படத்தை அழித்தார். முன்பள்ளியின் விண்ணப்பம் படம் இல்லாமலே அறக்கட்டளையின் நாளைய கூட்டத்துக்குப் போகும் என்றார். நன்றி சொல்லி எழுந்தேன். கதவருகில் போனதும் கூப்பிட்டார்.

"பெரியம்மான்ர இந்தக் கதையை எண்டாலும் முதற்பக்கத்தில போடுவமே. வாசிக்கிற ஒருத்தரும் குடுக்காமல் போகமாட்டினம்."

வேண்டாம் என்றேன். நாளைக் கூட்டத்தில் கேட்டுப் பார்ப்போம் என்றார். குரலில் உண்மையான அன்பு இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்துகிறது.

கூட்டம் காலை பத்து மணிக்கு. இத்தனை வருடமும் அங்கே குறிப்பெடுக்க மட்டுமே உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு எழுந்து நின்று மறுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் முகத்தை மறைக்க உங்கள் முகத்தைக் காட்டிவிட்டேன். ஆறு வயதில் யாரோ உங்களை வரிசையில் நிறுத்தினார்கள். இன்று நான் இன்னொருமுறை நிறுத்தியிருக்கிறேன். அங்கிருந்து உங்களைக் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டியவளும் நான்தான்.

பயமாக இருக்கிறது.