அழகர்மலையிலிருந்து நேரே வீட்டுக்கு

திருமங்கலம்
தாது வருஷம், ஆடி மாதம்

சௌபாக்கியவதி அன்னக்கொடிக்கு அய்யா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் ஆத்தாள் சின்னத்தாயும் தொழுவத்தில் மாடு கன்றும் அழகர் புண்ணியத்தில் சுகமாயிருக்கிறோம், கொழும்பில் நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்களென்று நம்பி இதை எழுதுகிறேன். பேரனுக்குப் பல் முளைத்த சேதியை உன் ஆத்தாள் தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள், இப்போது பக்கத்து ஊருக்குக் கிளம்பப் பார்க்கிறாள்.

தை மாதம் அழகர் கோயிலில் பிள்ளைக்கு முடியெடுத்துக் காது குத்த வருகிறோம், யார் மடியில் உட்கார வைப்பது என்று போன காகிதத்தில் கேட்டிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்குக் கூடப் பிறந்தவன் இல்லை, தாய்மாமன் என்று மடி கொடுக்க உன் பெரியய்யா மகன் விருமாண்டியை விட்டால் வேறு ஆளில்லை. அண்ணன் தம்பி என்றுதான் பேர், பெரியய்யாவும் நானும் இருக்கிற இருப்புத்தான் உனக்குத் தெரியுமே. வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போட்டு, இனி உன் கையால் ஒன்றும் வாங்கித் தின்ன மாட்டேன் என்று அவரும் நானும் பதினெட்டாம்படிக் கருப்பு மேல் ஆணையிட்டுப் பேச்சை நிறுத்தினோம். அன்றைக்குத் தண்ணீர் முறை என்னுடையது, அதை இப்போதும் சொல்வேன். ஆனாலும் மாமன் மடியில்லாமல் பிள்ளைக்குக் காது குத்த முடியுமா? நீயே ஒரு வழி காட்டப்பா என்று அழகரிடம் கேட்கத்தான் போன வாரம் நானும் உன் ஆத்தாளும் மலைக்குப் போனோம்.

முறையாகத்தான் போனோம். ஒரு வாரமாக வீட்டில் கவிச்சி இல்லை, கருவாட்டுப் பானையைக்கூட உன் ஆத்தாள் தொழுவத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். மதுரை வரை மோட்டார், அப்புறம் குதிரை வண்டி. கருப்பு வாசலில் நின்று உத்தரவு கேட்டுக்கொண்டு, மேலே நூபுர கங்கையில் குளித்து, ஈரத் துணியோடு அங்கேயே ராக்காயி அம்மனைக் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். அந்தத் தீர்த்தத்தில் ஒருவன் சோப்புப் போட்டுக் குளிக்கிறான், உன் ஆத்தாள் போட்ட சத்தத்தில் சோப்பை விட்டுவிட்டு ஓடினான். மாப்பிள்ளை தொப்பியும் பூட்ஸும் போடுகிறவர், தை மாதம் வரும்போது அதையெல்லாம் வண்டியிலேயே வைத்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்லு, நான் சொன்னதாகச் சொல்லாதே.

அழகரைக் கும்பிட்டு வெளியே வந்து தோசைப் பிரசாதம் வாங்கினேன். முதல் விள்ளலைப் பக்கத்தில் நீளுகிற கைக்குக் கொடுத்துவிட்டுத்தான் நாம் தின்போம், அது நம் வீட்டு வழக்கமல்லவா. அந்தக் கூட்டத்தில் முகம் பார்த்தா கொடுக்கிறோம்? ஒரு கை நீண்டது, பிட்டு வைத்தேன். வாங்கியவர் கண்ணில் ஒற்றி வாயில் போட்ட பிறகு பார்த்தால், உன் பெரியய்யா! அவரும் அப்போதுதான் என்னைப் பார்த்தார். விழுங்கினால் ஆணை போச்சு, துப்பலாமென்றால் அது அழகர் பிரசாதம். அவர் முழி பிதுங்கி நிற்கிறார். உன் பெரியாத்தாள் பாண்டியம்மாள்தான் முதலில் சிரித்தவள். சாமி குடுத்ததுக்கு எம்புட்டு நேரம் யோசிப்பீக, முழுங்குங்க என்றாள். விழுங்கிவிட்டார். பிறகு தன் தோசையில் பெரிய துண்டாகப் பிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார். நானும் தின்றேன். நேரே கருப்பு வாசலுக்குப் போய், சந்தனம் பூசிய கதவுக்கு முன்னால் ஒரே தட்டில் சூடம் ஏற்றி, எங்கள் ஆணையை இங்கேயே இறக்கி வைத்துவிட்டோம், பொறுத்துக்கொள் சாமி என்று இரண்டு பேரும் விழுந்து கும்பிட்டோம்.

திரும்பும்போது அவர் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் மாட்டோடு மட்டும் பேசிக்கொண்டு வந்தார். மறுநாள் காலையில் வண்டி அவர் வாசலில் வந்து நின்றதும் உன் ஆத்தாள் இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். கோபமில்லை, கோயிலுக்குப் போய்விட்டு அடுத்த வீட்டில் நுழைந்தால் புண்ணியம் அங்கேயே தங்கிவிடும், நேரே நம் வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்கிற முறைக்காகத்தான். நானும் அதையே சொன்னேன். அப்போதுதான் பெரியய்யா என்னிடம் வாய் திறந்தார். ஏன்டா மலையாண்டி, நீ பொறந்த வீடு ஒனக்கு எப்படா அடுத்த வீடாச்சு என்று கேட்டார். அன்னக்கொடி, எனக்கு அழுகை வந்துவிட்டது. காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன், உன் ஆத்தாள் எனக்கு முந்திக்கொண்டாள்.

அவர்களும் அதே வேண்டுதலுக்குத்தான் மலைக்கு வந்திருக்கிறார்கள். பெரியாத்தாள் மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்து ஒரு ஜோடிச் சின்னக் கடுக்கன் காட்டினாள். பேரன் பிறந்த சேதி காதில் விழுந்த அன்றே பெரியய்யா செய்யச் சொன்னதாம். இவளுக்கு வேற வேலையில்லை என்று சொல்லிவிட்டு அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். விருமாண்டி இப்போதே மடி பழகுகிறேன் என்று ஆட்டுக்குட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காருகிறான், அது வேட்டியை நனைத்தும் அவனுக்குப் புத்தி வரவில்லை.

கப்பலில் வரும்போது பிள்ளையின் காதை மூடித் தூக்கி வா, கடல் காற்று ஆகாது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவும் நீங்கள் மூவரும் நோய் நொடியில்லாமல் நீடூழி வாழவும் அழகரை வேண்டிக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் மறவாதே, முடியெடுத்ததும் வழியில் யார் கூப்பிட்டாலும் நிற்காமல் நேரே வீட்டுக்குத்தான் வர வேண்டும். வண்டி பெரியய்யா வாசலில் நிற்கும், இறங்கு.

இப்படிக்கு,
உன் அய்யா
மலையாண்டி