கண்ணை மூடிக்கிட்டுச் சண்டை

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்குது. தண்ணி லாரி வரல. முழங்கால் தைலம் தீர்ந்துபோச்சு. யார்ட்ட சொல்ல? மகன் ஜெபராஜுக்குக் கம்பெனியில டார்கெட்டாம். மருமக குளோரி டீச்சரம்மா, கட்டுக்கட்டா பேப்பர் திருத்துறா. வீட்டுக்குள்ள ரெண்டும் பேசிக்கிறதே இல்ல. சாப்பாட்டுக்கு முந்தி குடும்ப ஜெபத்துலதான் எல்லாம் வெளிய வருது.

குளோரி: "ஆண்டவரே, வீட்டுப் பொறுப்பு இல்லாதவங்களுக்கு நல்ல புத்தியைத் தாரும்."

இவன் விடுவானா? "கர்த்தாவே, புருஷனை மதிக்கிற இருதயத்தைச் சிலருக்குக் கொடும்."

ஆமென். சப்பாத்தி. கல்லு மாதிரி.

பேத்தி ஸ்டெல்லா, பத்தாவது. கண்ணை மூடாம ரெண்டு மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்தா. நானும் மூடல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சண்டே ஸ்கூல் முடிஞ்சு ஸ்டெல்லா தனியா வந்தா. இவளுக்கு இருக்கிறதே பிரீத்தி ஒருத்திதான். ஒண்ணாப்புல இருந்து சிநேகம். நம்ம வீட்டுத் தோசை எம்புட்டுத் தின்ன பிள்ளை!

"எங்கடி அவ?"

"பேச மாட்டா அப்பத்தா."

கிண்டிக் கிண்டிக் கேட்டேன். பிரீத்தி இவளை விட்டுட்டு வேற பிள்ளைகளோட சினிமாவுக்குப் போயிட்டாளாம். இன்னைக்கு வகுப்புல இவளை ஜெபம் பண்ணச் சொல்லியிருக்காங்க. அம்புட்டுப் பேர் முன்னாடி இவ, "ஆண்டவரே, நம்ப வச்சுக் கழுத்தறுக்கிற சிநேகிதியை மன்னியும்"னிருக்கா. எல்லாம் பிரீத்தியைத் திரும்பிப் பாத்திருக்கு. அது அழுதுக்கிட்டே எந்திரிச்சுப் போயிருச்சு.

"அவகிட்ட நேரா கேக்க வேண்டியதுதானடி?"

"நேராவா? எப்படி?"

நிசமாவே தெரியாமக் கேக்குறா. பதினஞ்சு வயசு. யாரைச் செருப்பால அடிக்க?

ஆகஸ்ட் 11, திங்கள்

ஸ்டெல்லா விஷயத்தைச் சொல்லப் போனேன். குளோரி: "அத்தை, பேப்பர் கிடக்கு, அப்புறம்." மகன்: "அம்மா, நானே டென்ஷன்ல இருக்கேன்." ஊரான் பிள்ளைக்குப் பாடம் எடுக்க மட்டும் நேரம் இருக்கு. நான் படிச்சது அஞ்சாப்பு. நாலு பிள்ளை வளத்தேன். இவன் ஒருத்தன்தான் இப்படி.

ஸ்டெல்லா டப்பால பாதிச் சோறு திரும்பி வந்துருச்சு. பள்ளிக்கூடத்துல தனியா உக்காந்து தின்னாளாம்.

வாங்க: சீரகம், மல்லி, தைலம்.

ஆகஸ்ட் 13, புதன்

சாயங்காலம் நாலு தூத்தல். சூடு தணியல.

ஜெபம். குளோரி ஆரம்பிச்சா. "ஆண்டவரே, சொன்ன சொல்லைக் காப்பாத்தாத மனுஷரை..."

"நிறுத்து. கண்ணைத் திற"ன்னேன். "ஆண்டவர் அப்புறம் கேட்டுக்கிடுவாரு. இந்தா உக்காந்திருக்கான் உன் புருஷன். அவன்ட்ட சொல்லு. டேய், நீயும் திற."

ரெண்டும் சுவரைப் பாக்குது. கண்ணை மூடினா அம்புட்டு வாய். திறந்தா ஒரு சொல்லு வரல.

ஸ்டெல்லாதான் பேசுனா. "அம்மா, என் ஃப்ரெண்டு என்னை விட்டுட்டுப் போயிட்டா."

"எந்த ஃப்ரெண்டு?"ன்னு கேக்குறா பெத்தவ.

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. கடிச்சுக்கிட்டேன். மகன் தலையைத் தொங்கப்போட்டான். குளோரிக்கு மூஞ்சி வெளுத்துருச்சு. மெல்லக் கண்ணை மூடப் போனா.

"மூடாதம்மா"ன்னா ஸ்டெல்லா.